ஸ்டாக்ஹோமுக்குக் கைக்குழந்தையோடு வருகிறோம்: முதல் சில மாதங்களில் எதை எந்த வரிசையில் முடிப்பது?

#1 செங்காந்தள்

வணக்கம். செப்டம்பர் கடைசியில் ஸ்டாக்ஹோமில், கிஸ்தா பக்கம் வேலையில் சேர வேண்டும். ரெண்டு வருஷத்துக்கு ஒர்க் பெர்மிட் வந்தாச்சு. கணவருக்கும் குழந்தைக்கும் சேர்த்தே வந்திருக்கு. குழந்தைக்கு ஜனவரி முதல் வாரம் ரெண்டு வயசு முடியுது. கம்பெனி ஒரு மாசத்துக்கு மட்டும் சர்வீஸ் அப்பார்ட்மென்ட் தருது, அப்புறம் வீடு நாங்கதான் பார்த்துக்கணும்.

பெர்சூன்நும்மர், பேங்க்ஐடி, வீடு, இன்ஷூரன்ஸ்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எதுக்கு எது முன்னாடி? ஊரிலிருந்தே எதையெல்லாம் முடிச்சுட்டு வரணும்? மூணு பேரும் ஒண்ணா வரலாமா, இல்லை நான் முதல்ல வந்து வீடு பிடிச்சுட்டு அவங்க பொங்கல் முடிஞ்சு வரலாமா? தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க.

#2 வடமுனை

வாழ்த்துகள். வரிசை இதுதான்: ஊரில் சான்றிதழ்கள், இங்கே முகவரி, ஸ்கட்டேவெர்க்கெட் என்ற வரித்துறையில் குடியிருப்புப் பதிவு, பெர்சூன்நும்மர் (தனிநபர் அடையாள எண்), அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, பேங்க்ஐடி (வங்கி தரும் மின்னணு அடையாளம்). முன்னதில் ஒரு காகிதம் குறைந்தால் பின்னதெல்லாம் நின்றுவிடும்.

ஊரில் முடிக்க வேண்டியவை: திருமணப் பதிவுச் சான்றிதழ், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ். இரண்டுக்கும் அப்போஸ்டில் போட்டுக்கொண்டு வாருங்கள். முதலில் மாநில உள்துறையின் சான்றொப்பம், அதன்மேல் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில். அங்கீகரிக்கப்பட்ட முகவர் மையம் வழியாகத்தான் கொடுக்க முடியும், ஆகவே சில வாரங்களைக் கையில் வையுங்கள். கோயிலில் கொடுத்த திருமண ரசீது இங்கே செல்லாது, சார்பதிவாளர் அலுவலகப் பதிவுதான் வேண்டும். பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் ஏறியிருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். மருத்துவமனையிலிருந்து பதிவான கையோடு வாங்கிய சான்றிதழில் பெயர்க் கட்டம் காலியாக இருப்பது தமிழ்நாட்டில் சர்வ சாதாரணம். பிறகு பெயர் சேர்க்கலாம். ஆனால் அதை இங்கிருந்து செய்வது பெரும் அலைச்சல். பெற்றோர் பெயரின் எழுத்துக்கூட்டு பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும்.

இங்கே வந்ததும் மூன்று பேருமே அரசு சேவை அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும். குழந்தையையும் காட்ட வேண்டும், ஒருவருக்காக இன்னொருவர் போய் முடிக்க முடியாது. பாஸ்போர்ட், குடியிருப்பு அனுமதி அட்டை, இரண்டு சான்றிதழ்களின் அசல், வேலை ஒப்பந்தம், வீட்டு வாடகை ஒப்பந்தம், இவை கையில் இருக்கட்டும். குறைந்தது ஒரு வருடமாவது சுவீடனில் வாழப் போகிறவருக்குத்தான் பெர்சூன்நும்மர். உங்களுக்கு 2 வருட அனுமதி, சிக்கல் இல்லை. சரியாக 12 மாத அனுமதி வாங்கிவிட்டுத் தாமதமாக வருகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

எண் கடிதத்தில் வரும், சில வாரங்கள் ஆகும். அதற்குப் பிறகுதான் அடையாள அட்டைக்கு விண்ணப்பம். 400 குரோனர் கட்டணத்தை முன்கூட்டியே கட்டிவிட்டுப் போக வேண்டும். இங்கே வங்கிக் கணக்கு இல்லாவிட்டால் வேறு யாராவது கட்டலாம், குறிப்பில் உங்கள் எண் இருக்க வேண்டும். எல்லாச் சேவை அலுவலகங்களிலும் அட்டைக்கு விண்ணப்பம் வாங்குவதில்லை, அதனால் எந்த அலுவலகம் என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். போட்டோவை அங்கேயே எடுப்பார்கள், உயரமும் அளப்பார்கள்.

பெரும்பாலான வங்கிகள் இந்திய பாஸ்போர்ட்டை வைத்துக் கணக்குத் திறந்தாலும் பேங்க்ஐடி தருவதில்லை. அதற்கு சுவீடன் அடையாள அட்டை கேட்பார்கள். பேங்க்ஐடி வந்தால்தான் ஸ்விஷ் என்ற கைபேசிப் பணப் பரிமாற்றம், வரித்துறை, மருத்துவமனை முன்பதிவு, பள்ளி விண்ணப்பம் எல்லாம் திறக்கும். பெர்சூன்நும்மர் இல்லாமலேயே அடிப்படைக் கணக்குக் கேட்க ஐரோப்பியச் சட்டத்தில் உரிமை உண்டு. கிளையில் இல்லை என்று திருப்பினால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். அதற்குப் பிறகு பல கிளைகள் மறுபடி பார்ப்பார்கள்.

#3 செங்காந்தள்

ரொம்ப நன்றி. பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன், பெயர் இருக்கு. ஆனா எங்க மூணு பேர் பாஸ்போர்ட்லயும் சர்நேம் கட்டம் காலி. இன்ஷியலை விரிச்சு எல்லாத்தையும் கிவன் நேம்ல போட்டிருக்காங்க. அது பிரச்சினை ஆகுமா?

#4 பைன்காடு

ஆகும், ஆனால் சமாளிக்கலாம். குடியிருப்புப் பதிவில் பாஸ்போர்ட்டில் உள்ளபடிதான் பெயர் ஏறும். அது எப்படி ஏறியிருக்கிறது என்று முதல் கடிதத்திலேயே எழுத்து எழுத்தாகப் பாருங்கள். பிறகு வங்கி, மருத்துவமனை, சம்பளப் பட்டியல் எல்லாம் அந்தப் பதிவிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளும். தவறு இருந்தால் அந்த வாரமே எழுதிக் கேளுங்கள்.

கிளம்ப இன்னும் ரெண்டு மூன்று மாதம் இருந்தால் பாஸ்போர்ட்டிலேயே பெயரைப் பிரித்துவிடலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். உங்கள் அனுமதி அட்டை இப்போதைய பாஸ்போர்ட் எண்ணோடும் பெயரோடும் கட்டப்பட்டது. அனுமதி வந்த பிறகு பாஸ்போர்ட்டை மாற்றினால் அனுமதியையும் திருத்த வேண்டி வரும்.

சுவீடன் பெயர்ச் சட்டப்படி இங்கே குடும்பப் பெயர் எடுத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. ஆனால் இங்கே ஒரு பெயர், இந்திய பாஸ்போர்ட்டில் ஒரு பெயர் என்றாகிவிட்டால் விமான டிக்கெட்டிலிருந்து அனுமதி நீட்டிப்பு வரை ஒவ்வொரு இடத்திலும் விளக்கம் சொல்ல வேண்டும். அடுத்த பாஸ்போர்ட் புதுப்பிப்பில் இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பிரித்துவிட்டு, அதைக் கொண்டு இங்கே திருத்துவதுதான் சுத்தமான வழி.

#5 மேலாரன்கரை

சேர்ந்து வருவதா, பிரிந்து வருவதா என்பதில் என் கருத்து: நீங்கள் முதலில் வாருங்கள். ஒரு மாத சர்வீஸ் அப்பார்ட்மென்ட் என்பது கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும். வாடகைக்கு வீடு கொடுப்பவர்கள் நேரில் பார்த்துப் பேசித்தான் முடிவெடுப்பார்கள். வாரத்துக்கு நான்கைந்து வீடு பார்க்கப் போக வேண்டியிருக்கும், அக்டோபரில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். கைக்குழந்தையோடு இரண்டு தடவை வீடு மாற நேர்ந்தால் முகவரி, பதிவு, ஃபோர்ஸ்கூலா (மழலையர் பள்ளி) வரிசை எல்லாமே மறுபடி மாற்ற வேண்டும்.

#6 யாழ்_வடக்கன்

தங்கச்சி, நான் அதுக்கு மாறாத்தான் சொல்லுவன். ஒண்டாய் வாங்கோ. மூண்டு பேரும் ஒரே நாளில் ஒரே கவுண்டரில பதிஞ்சால் ஒரே கோப்பாய் போகும். பிறகு வாறவைக்கு அந்த அலைச்சல் முழுக்கத் திரும்பவும் தொடங்கும். ஃபோர்ஸ்கூலாவுக்கு விண்ணப்பிச்சு 4 மாதத்துக்குள்ள கொம்யூன், அதாவது நகரசபை, இடம் தரோணும் எண்டு சட்டம் இருக்கு. அந்த 4 மாதம் எப்ப தொடங்குது? நீங்கள் விண்ணப்பம் போட்ட பிறகுதான். பிந்தி வந்தால் எல்லாம் பிந்தும். உங்கட வீட்டுக்காரர் வேலை தேட வேணுமெண்டால் அவருக்கு எஸ்.எஃப்.ஐ. சுவீடிஷ் வகுப்பும் பதிஞ்ச பிறகுதான் கிடைக்கும். அது இலவசம். இருட்டு மாதங்களில வீட்டுக்குள்ள சும்மா இருக்கிறதைவிட அது பெரிய உதவி.

#7 வடமுனை

இதில் பணக் கணக்கு ஒன்று இருக்கிறது, யாரும் சொல்லவில்லை.

பெற்றோர் விடுப்புப் பணம் ஒரு குழந்தைக்கு 480 நாள் என்று எல்லோரும் சொல்வார்கள். அது இங்கே பிறந்த குழந்தைக்கும் முதல் பிறந்தநாளுக்கு முன் வந்துவிட்ட குழந்தைக்கும்தான். இரண்டாம் வயது நடக்கும்போது சுவீடனில் வாழ வரும் குழந்தைக்கு இரண்டு பெற்றோருக்கும் சேர்த்து 200 நாள். இரண்டு வயது முடிந்து வந்தால் 100 நாள். உங்கள் குழந்தைக்கு ஜனவரி முதல் வாரம் இரண்டு முடிகிறது. பொங்கலுக்குப் பிறகு வந்தால் நேராக 100 நாள் போய்விடும். இங்கே வருமானம் இல்லாத பெற்றோருக்குக்கூட அடிப்படை நிலையில் நாளுக்கு 250 குரோனர் உண்டு. உங்கள் கணவர் குழந்தையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கும் அந்த முதல் மாதங்களுக்கு இது சின்னத் தொகை அல்ல.

கணக்கில் வருவது குழந்தை சுவீடனில் குடியிருக்கத் தொடங்கும் தேதி. ஆகவே பயண அட்டை, பதிவு செய்த நாளின் ரசீது எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள். வந்ததும் ஃபோர்சேக்ரிங்ஸ்கஸ்ஸன் என்ற சமூகக் காப்பீட்டு அலுவலகத்திலும் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். வரித்துறையில் பதிந்தால் தானாக அங்கே போய்விடும் என்று விட்டுவிடாதீர்கள். குழந்தைக்கான மாதத் தொகை 1,250 குரோனர், இரு பெற்றோருக்கும் 625 வீதம் பிரித்துப் போடுவார்கள்.

#8 மேலாரன்கரை

அப்படியானால் என் வாதத்தை மாற்றிக்கொள்கிறேன். நீங்கள் செப்டம்பரில் வாருங்கள், அவர்கள் நவம்பருக்குள் வரட்டும். டிசம்பர் நடுவுக்குத் தள்ள வேண்டாம், கிறிஸ்துமஸ் முன்னிட்டு அலுவலகங்கள் மந்தமாகிவிடும்.

இனி வீடு. இதில்தான் அதிகம் பேர் பணத்தை விடுகிறார்கள், அதனால் விரிவாக எழுதுகிறேன்.

கட்டட உரிமையாளரிடமிருந்தே நேரடியாக வாடகைக்கு எடுக்கும் முதல் கை ஒப்பந்தம், அதாவது ஃபோர்ஸ்டாஹாண்ட், ஸ்டாக்ஹோமில் நகர வீட்டு வரிசை வழியாகத்தான் பெரும்பாலும் வரும். ஆண்டுக் கட்டணம் 200 குரோனர். நகர மையத்தில் பத்தாண்டுக்கு மேல் காத்திருந்தவர்களுக்குத்தான் கிடைக்கும். ஆனாலும் பெர்சூன்நும்மர் வந்த அன்றே பதிந்துவிடுங்கள். பணம் கட்டத் தவறினால் சேர்ந்த நாட்கள் போய்விடும். ஐந்தாறு வருடம் கழித்துப் புறநகரில் புதிய கட்டடம் வரும்போது அந்த நாட்கள்தான் கைகொடுக்கும். முதல் கை ஒப்பந்தத்தைப் பணம் கொடுத்து வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் பேச்சையே நிறுத்துங்கள். 2019 அக்டோபரிலிருந்து விற்பவர் மட்டுமல்ல, வாங்குபவரும் குற்றவாளி.

உங்களுக்கு இப்போது கிடைக்கப் போவது ஆன்ட்ராஹாண்ட், அதாவது இன்னொருவரின் வீட்டை அவரிடமிருந்து வாடகைக்கு எடுப்பது. இதில் இரண்டு வகை. இரண்டுக்கும் சட்டம் வேறு, அதைத் தெரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஒன்று, அவரே வாடகைக்கு இருக்கும் வீடு. அவர் கட்டும் வாடகைக்கு மேல் உங்களிடம் வாங்கக் கூடாது, தட்டுமுட்டுச் சாமான்களோடு கொடுத்தால் 15 சதவீதம் வரை கூட்டலாம். கூடுதலாக வாங்கியிருந்தால் ஹீரெஸ்நேம்டன் என்ற வாடகைத் தீர்ப்பாயத்தில் முறையிட்டு 2 வருடம் பின்னோக்கித் திரும்பப் பெறலாம்.

இரண்டு, அவர் கட்டடத்தின் குடியிருப்போர் சங்கத்தில் உறுப்பினராகி வாங்கி வைத்திருக்கும் பூஸ்டட்ஸ்ரெட் வீடு. இதற்கு 2013இல் வந்த தனி வாடகைச் சட்டம். வீட்டின் சந்தை மதிப்புக்கு நியாயமான வட்டியும், அவர் சங்கத்துக்குக் கட்டும் மாதக் கட்டணம் போன்ற செலவும் சேர்ந்ததுதான் வாடகை. அதிகம் என்று தீர்ப்பாயம் சொன்னாலும் முறையிட்ட நாளிலிருந்துதான் குறையும், பழைய பணம் திரும்பாது. ஆனால் ஒரு நல்லது: ஒப்பந்தம் ஒரு வருடம் என்று போட்டிருந்தாலும் வாடகைக்கு இருப்பவர் ஒரு மாத அறிவிப்பில் விலகலாம். வீட்டுக்காரர் 3 மாதம் கொடுக்க வேண்டும்.

எந்த வகையானாலும் சங்கத்தின் அல்லது கட்டட உரிமையாளரின் எழுத்துப் பூர்வ அனுமதியைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் குடியேறினால் வீட்டுக்காரரோடு நீங்களும் சேர்ந்து வெளியேற வேண்டி வரும். சங்கத்தின் நிர்வாகக் குழுவின் மின்னஞ்சல் பெரும்பாலும் கட்டட நுழைவாயில் பலகையிலேயே ஒட்டியிருக்கும். வீட்டைக் கண்ணால் பார்க்காமல், சாவி கையில் வாங்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள். வெளிநாட்டில் இருக்கிறேன், சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன் என்பவர் யாராயிருந்தாலும் மோசடிதான்.

"வீடு தருகிறேன், ஆனால் இந்த முகவரியில் பதியக் கூடாது" என்பதும் அபாய அறிகுறி. எங்கே வாழ்கிறீர்களோ அங்கே பதிவது உங்கள் சட்டக் கடமை, அதற்கு வீட்டுக்காரர் சம்மதமே தேவையில்லை. வீடு மாறினாலும் ஒரு வாரத்துக்குள் அறிவிக்க வேண்டும். பதிய விடாதவர் அனுமதியில்லாமல் வாடகைக்கு விடுகிறார் என்றுதான் பொருள்.

பதிவுப் படிவத்தில் நாலு இலக்க வீட்டு எண் கேட்பார்கள். உதாரணமாக 1102. முதல் இரண்டு இலக்கம் தளம்: 10 நுழைவாயில் தளம், 11 அதற்கு மேல் தளம். கடைசி இரண்டு, அந்தத் தளத்தில் படிக்கட்டிலிருந்து பார்த்தால் இடமிருந்து வலமாக எத்தனையாவது கதவு. கதவில் பெரிதாக ஒட்டியிருக்கும் எண் இதுவாக இருக்க வேண்டியதில்லை. அது சங்கத்தின் சொந்த எண்ணாக இருக்கலாம். இதை மாற்றிப் போட்டால் பக்கத்து வீட்டில் நீங்கள் குடியிருப்பதாகப் பதிவாகும்.

கடைசியாக, கதவிலுள்ள தபால் திறப்பில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். வீட்டுக்காரர் பெயர் மட்டும் இருந்தால் பெர்சூன்நும்மர் கடிதமும் வங்கி கடவுக்குறிக் கடிதமும் திரும்பிப் போய்விடும். பெயர் ஒட்ட விடாவிட்டால் பதிவிலேயே 'கேர் ஆஃப்' போட்டு வீட்டுக்காரர் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம்.

#9 குறிஞ்சி_சோல்னா

வீடு கிடைத்தபின் தமிழ்ச் சமையலுக்கு வருவோம், இது யாரும் முன்னாடி சொல்ல மாட்டாங்க.

இங்கே அடுக்குமாடியில் சமையலறையிலிருந்து காற்றை வெளியேற்ற ஒரு பொதுக் குழாய் எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஓடும், மேலே ஒரே விசிறி. அடுப்புக்கு மேலே இருக்கும் பழைய ஹூட் சத்தமில்லாமல் மெதுவாக இழுக்குதேன்னு, கடையில் மோட்டார் வைத்த ஹூட் வாங்கி அந்தக் குழாயில் மாட்டிடாதீங்க. பெரும்பாலான சங்கங்களில் அது தடை. உங்க மோட்டார் தள்ளுற காத்து, தாளிப்பு வாசனையோட, மேல் வீட்டுச் சமையலறை வழியா வெளியே வரும். மொத்தக் கட்டடத்தின் காற்றோட்ட அளவும் கெட்டுடும். சங்கம் கண்டுபிடிச்சா கழற்றச் சொல்லும், செலவும் உங்க தலையில். இதுக்கு வழி கரி ஃபில்டர் வைத்த ஹூட். அது காற்றை உறிஞ்சி வடிகட்டி அறைக்குள்ளேயே விடும், குழாயைத் தொடாது. கரி ஃபில்டரைச் சில மாசத்துக்கு ஒரு தடவை மாத்தணும், தினமும் தாளிக்கிற வீட்டில் இன்னும் சீக்கிரம். உலோக வடிகட்டியைப் பாத்திரம் கழுவும் மெஷினில் போட்டுக் கழுவலாம். அதில் எண்ணெய் படிஞ்சு கிடக்கிறதுதான் வாசனை போகாததுக்கும், தீப்பிடிக்கிறதுக்கும் ஒரு காரணம்.

ஜன்னல் மேலேயோ சுவரிலேயோ சின்னக் காற்றுத் திறப்பு இருக்கும். குளிர்னு அதை டேப் போட்டு அடைச்சா ஹூட்டுக்கு இழுக்கக் காற்று கிடைக்காது, ஜன்னல் கண்ணாடியில் நீர் கோத்து ஓரத்தில் பூஞ்சை வரும். ரேடியேட்டர் மேல துணி உலர்த்தாதீங்க, முன்னால சோபா போடாதீங்க. அதிலுள்ள தெர்மோஸ்டாட் சோபாவுக்குப் பின்னால இருக்கிற சூட்டை அறையின் சூடுன்னு நினைச்சு மூடிக்கும். அறைக்குள்ள 20 டிகிரிக்குக் கீழே தொடர்ந்து இருந்தா அளந்து எழுதி வைச்சு வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க.

துணி துவைக்கக் கட்டடத்துக்கு ஒரு ட்வெட்ஸ்டூகா இருக்கும், நேரம் முன்பதிவு. உங்க நேரம் முடியும்போது உலர்த்தி உள்பட காலியா இருக்கணும், உலர்த்தியின் பஞ்சு வலையை எடுத்துத் துடைச்சு, தரையையும் துடைச்சுட்டு வரணும். அக்கம்பக்கத்தில் முதல் மனத்தாங்கல் பெரும்பாலும் இங்கேதான் வரும்.

மின்சாரம் ரெண்டு பில்லா வரலாம்: கம்பி ஒரு கம்பெனி, மின்சாரம் இன்னொரு கம்பெனி. கம்பிக் கம்பெனியை நீங்க தேர்ந்தெடுக்க முடியாது. மின்சாரத்துக்கு நீங்களா ஒப்பந்தம் போடலைன்னா தானாக ஒதுக்கும் ஒப்பந்தத்தில் விழுவீங்க, அது பொதுவா விலை கூட. குடியேறும் தேதிக்கு முன்னாடியே ஒண்ணு போட்டுடுங்க. சாமான்களுக்கு ஹெம் இன்ஷூரன்ஸும் அதே நாளில்.

#10 பைன்காடு

வேலை பக்கம் கவனிக்க வேண்டியவை. அனுமதி நீட்டிப்பில் பார்க்கப் போவது உங்கள் திறமையை அல்ல, இந்த இரண்டு வருடத்தில் உங்கள் முதலாளி காகிதத்தை எப்படி வைத்திருந்தார் என்பதை. நான்கு காப்பீடுகள் இருக்க வேண்டும்: நோய், உயிர், வேலையில் விபத்து, பணி ஓய்வூதியம். தொழிற்சங்கத்தோடு கூட்டு ஒப்பந்தம் உள்ள கம்பெனியில் இவை பெரும்பாலும் தானாக வரும். இல்லாத கம்பெனியில், குறிப்பாகச் சின்ன ஸ்டார்ட்அப்பில், ஒவ்வொன்றும் உங்கள் முதல் வேலை நாளிலிருந்தே தொடங்கியிருக்கிறதா என்று சான்றிதழைக் கேட்டு வாங்கித் தேதி பாருங்கள். ஒரு காப்பீடு இரண்டு மாதம் தாமதமானதற்காகக்கூட ஆட்களைத் திருப்பி அனுப்பிய காலம் இருந்தது. 2017 டிசம்பரில் குடிபெயர்வு மேல் நீதிமன்றம் முழுக் காலத்தையும் சேர்த்து மதிப்பிட வேண்டும் என்று தீர்ப்பளித்த பிறகு நிலைமை தேறியது. ஆனாலும் அதை நம்பி அசட்டையாக இருக்கக் கூடாது.

ஒவ்வொரு மாதச் சம்பளப் பட்டியலையும் பி.டி.எஃப். ஆகச் சேமியுங்கள். சம்பளமில்லா விடுப்பு எடுத்தால் அந்த மாதச் சம்பளம் குறைந்து தெரியும், ஏன் என்று எழுத்தில் ஆதாரம் வேண்டும். பெற்றோர் விடுப்பு, நோய் விடுப்பு என்றால் ஃபோர்சேக்ரிங்ஸ்கஸ்ஸன் பட்டியல் போதும். ஆண்டுக்கு 25 நாள் விடுமுறை சட்டப்படி உரிமை, 20க்கு மேல் உள்ளதைத்தான் சேர்த்து வைக்கலாம். எடுக்காமல் விடுவதும் கேள்வியாகும். நீட்டிப்புக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கும் காலத்தில் பழைய அட்டை முடிந்துவிட்டால் இங்கே இருந்து வேலை செய்யலாம், ஆனால் வெளியே போனால் திரும்பி நுழைவது பெரும்பாடு. புது அட்டை கைக்கு வராமல் ஊருக்கு டிக்கெட் போடாதீர்கள்.

இன்னொன்று, உங்கள் சம்பளம் உயர்ந்ததாயிருந்தால் நிபுணர் வரிச் சலுகை. சம்பளத்தில் 25 சதவீதத்துக்கு வரி இல்லை, 7 வருடம் வரை. 2025 முதல் மாதச் சம்பளம் அரசு நிர்ணயிக்கும் அடிப்படை விலைத் தொகையின் ஒன்றரை மடங்கைத் தாண்டினால் வேறு தகுதி பார்ப்பதில்லை. அந்த ஆண்டுக் கணக்கில் 88,200 குரோனர், ஒவ்வோர் ஆண்டும் மாறும். வேலை தொடங்கி 3 மாதத்துக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். ஒரு நாள் தாண்டினாலும் மன்னிப்பில்லை. கம்பெனி போடும் என்று இருந்துவிடாதீர்கள், நீங்களே போடலாம்.

ஆ-கஸ்ஸா, அதாவது வேலையிழப்புக் காப்பீடு, தானாகச் சேராது. முதல் மாதமே சேருங்கள், முழு அளவு பெற 12 மாத உறுப்பினர் காலம் வேண்டும். தொழிற்சங்கம் வேறு, இது வேறு. தனித்தனியாகச் சேரலாம்.

#11 செங்காந்தள்

தலை சுத்துது, ஆனா இப்போ வரிசை புரியுது. நவம்பர் முதல் வாரம் அவங்களுக்கு டிக்கெட் போடப் போறோம். ஊர்ல வாங்கின டிரைவிங் லைசென்ஸ் ஓடுமா? குழந்தைக்கு உடுப்பு, மருந்து பத்தியும் சொல்லுங்க.

#12 மேலாரன்கரை

உரிமம்: குடியிருப்புப் பதிவான நாளிலிருந்து ஒரு வருடம் வரைதான் ஓட்டலாம். இந்திய, இலங்கை உரிமங்களை இங்கே மாற்றித் தர மாட்டார்கள், முதலிலிருந்து எடுக்க வேண்டும். கண் பரிசோதனையோடு அனுமதி, பிறகு இரண்டு கட்டாய அபாயப் பயிற்சி வகுப்புகள். முதலாவது மது, சோர்வு பற்றியது, இரண்டாவது வழுக்குத் தளத்தில் ஓட்டுவது. அதன் பிறகுதான் எழுத்துத் தேர்வு: 70 கேள்வி, அதில் 65க்குத்தான் மதிப்பெண், 52 சரியாக வேண்டும், 50 நிமிடம். ஆங்கிலத்திலும் எழுதலாம். கடைசியில் ஓட்டும் தேர்வு. ஆட்டோமேட்டிக் வண்டியில் தேர்வு கொடுத்தால் உரிமமும் ஆட்டோமேட்டிக்குக்கு மட்டும். ஊரில் பல வருடம் ஓட்டியவர்கள் தோற்பது பெரும்பாலும் வலப்பக்கம் முன்னுரிமை விதியிலும், சைக்கிள் பாதையைத் திரும்பிப் பார்க்காததிலும்தான். வண்டி வாங்கினால் டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை சாலை பனிக்கால நிலையில் இருக்கும்போது குளிர்கால டயர் கட்டாயம், பள்ளம் குறைந்தது 3 மி.மீ.

கிஸ்தாவில் வேலை, குழந்தைக்குப் பக்கத்தில் பள்ளி என்றால் முதல் வருடம் வண்டியே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். மெட்ரோ போதும்.

#13 குறிஞ்சி_சோல்னா

உடுப்புக்கு ஒரே விதி: தோலை ஒட்டிப் பருத்தி வேண்டாம். வேர்வையில் ஈரமாகி அப்படியே குளிர வைக்கும். உள்ளே மெல்லிய கம்பளி, நடுவில் ஃபிலீஸ் அல்லது தடித்த கம்பளி, வெளியே காற்றும் நீரும் புகாத ஓவரால். ஃபோர்ஸ்கூலாவில் மழை, பனி எதுவானாலும் தினமும் வெளியே விடுவாங்க, அதனால ரப்பர் மழை உடுப்பு தனியா ஒரு செட். அது சூடு தராது, உள்ளே ஃபிலீஸ் போடணும். பூட்ஸ் கால் அளவுக்குச் சரியா வாங்காதீங்க. தடித்த காலுறைக்கும் கொஞ்சம் காற்றுக்கும் இடம் இருந்தாத்தான் விரல் சூடா இருக்கும். எல்லாத்திலும் பெயர் ஒட்டுங்க. ஊரிலிருந்து ஸ்வெட்டர் மூட்டை தூக்கி வர வேண்டாம், இங்கே பழைய குழந்தை உடுப்பு நல்ல நிலையில் மலிவா கிடைக்கும். ரிஃப்ளெக்ஸ் பட்டை மூணு பேருக்கும் மாட்டுங்க. டிசம்பரில் பகல் சுமார் 6 மணி நேரம்தான், இருட்டில் கறுப்புக் கோட்டு போட்டவர் காரோட்டிக்குத் தெரியவே மாட்டார்.

டி வைட்டமின்: குழந்தைகளுக்கு 2 வயசு வரை தினம் 5 சொட்டு, அதாவது 10 மைக்ரோகிராம். குழந்தைநல மையத்தில் இலவசமா தருவாங்க. நம்ம மாதிரி கருத்த தோல் உள்ள குழந்தைகளுக்கு 2 வயசுக்கு அப்புறமும் தொடர்றது நல்லது, மையத்துச் செவிலியரிடம் முதல் சந்திப்பிலேயே கேளுங்க. பெரியவங்களும், அதிலும் மீன் சாப்பிடாதவங்க, தினம் 10 மைக்ரோகிராம் எடுக்கிறது நல்லது. தடுப்பூசி அட்டையை ஆங்கிலத்தில், தேதிகளோட கொண்டு வாங்க. இல்லாட்டி போட்ட ஊசியைத் திரும்பப் போடச் சொல்ல நேரிடும்.

உடம்பு சரியில்லைன்னா முதலில் 1177க்குப் போன், செவிலியர் பேசுவார், ஆங்கிலம் போதும். உயிராபத்துன்னா 112. நீங்க நோய் விடுப்பு எடுத்தா ஒரு வாரச் சராசரி நோய்ச் சம்பளத்தில் 20 சதவீதம் முதலில் பிடிப்பாங்க, 8ஆம் நாளிலிருந்து மருத்துவச் சான்று வேணும். குழந்தைக்கு நோய்னா அதைப் பார்த்துக்க 'வாப்' விடுப்பு எடுக்கலாம், ஆண்டுக்கு ஒரு குழந்தைக்கு 120 நாள் வரை. முதல் குளிர்காலத்தில் ஃபோர்ஸ்கூலா குழந்தை அடிக்கடி சளி பிடிச்சு வரும், அதைக் கணக்கில் வைங்க. வாந்தி பேதின்னா நின்ன பிறகும் 48 மணி நேரம் அனுப்பக் கூடாது.

#14 செங்காந்தள்

கடைசியா ஒண்ணு. பள்ளியில் தமிழ் சொல்லித் தருவாங்களா? அப்புறம், இங்கேயே ரெண்டாவது குழந்தை பிறந்தா அதுக்கு என்ன காகிதம்?

#15 யாழ்_வடக்கன்

தமிழ் உண்டு. தாய்மொழிப் பாடம் எண்டு சட்டத்திலேயே இருக்கு. ஒரு கொம்யூனில குறைஞ்சது 5 பிள்ளையள் கேட்டு, தகுந்த ஆசிரியரும் கிடைச்சால் அவை ஒழுங்கு செய்யோணும். வீட்டில நாளாந்தம் அந்த மொழி புழங்கோணும், பிள்ளைக்கு அடிப்படை விளங்கோணும். தமிழ்நாட்டுப் பிள்ளையளும் ஈழத்துப் பிள்ளையளும் சேர்ந்து விண்ணப்பிச்சால் 5 பேர் எண்ட கணக்கு லேசாய் நிரம்பும். ஆனபடியால் பள்ளிக்கூடம் தொடங்க முதலே பக்கத்திலை உள்ள தமிழ்க் குடும்பங்களோட கதைச்சு வையுங்கோ. ஆசிரியர் இல்லை எண்டு கொம்யூன் சொன்னால், தூரத்திலிருந்து இணையவழி நடத்த ஏலுமோ எண்டு கேளுங்கோ. ஃபோர்ஸ்கூலாவில தனிப் பாடம் இல்லை, ஆனால் பிள்ளையின்ர மொழியை ஊக்குவிக்கிறது அவையின்ர கடமை. தமிழ்ப் பாட்டு, படப் புத்தகம் கொண்டுபோய்க் குடுத்தால் சந்தோசமாய் வாங்குவினம்.

பிள்ளை இஞ்ச பிறந்தால் ஆஸ்பத்திரியே பிறப்பை அறிவிக்கும், பெர்சூன்நும்மர் தானாய் வரும். பேரை 3 மாதத்துக்குள்ள ஸ்கட்டேவெர்க்கெட்டுக்கு அறிவிக்கோணும். இஞ்ச பிறந்ததால மட்டும் சுவீடன் குடியுரிமை வராது. இந்தியர் எண்டால் ஒரு வருசத்துக்குள்ள ஸ்டாக்ஹோம் தூதரகத்தில பிறப்பைப் பதிஞ்சு பாஸ்போர்ட் எடுத்து, பிறகு மிக்ரஷூன்ஸ்வெர்க்கெட் எண்ட குடிபெயர்வு அலுவலகத்தில பிள்ளைக்கு அனுமதி கேக்கோணும். பாஸ்போர்ட்டும் அனுமதி அட்டையும் வந்த பிறகுதான் பிள்ளையோட ஊருக்குப் போய்த் திரும்பலாம். இலங்கைப் பாஸ்போர்ட்காரருக்கும் அதே மாதிரி ஒரு வருசக் கணக்கு உண்டு. பிள்ளை பிறந்த முதல் மாதமே தூதரக வேலையைத் தொடங்குங்கோ. அந்த நேரம் சர்நேம் கட்டத்தை மட்டும் காலியாய் விடாதேங்கோ.